அல்மகா நிலாக் கடவுளா? பலிபீடப் பிறையை வைத்து ஒரு சண்டை

கல்லெழுத்தன்:
பிறைமதி நேற்று ஏமன் பலிபீடம் ஒன்றின் படத்தைப் போட்டு, "மேலே பிறை, அதற்குள் வட்டம், ஆகவே பழைய ஏமனின் சபா நாட்டுக்காரர்கள் கும்பிட்ட அல்மகா நிலாக் கடவுள்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். அதே கல்லில் முஸ்னத் என்ற பழைய தென்அரேபிய எழுத்தில் நாலு வரி இருக்கிறதே, அதைப் பார்த்தாரா? இன்னார் மகன் இன்னார் அல்மகாவுக்குக் காணிக்கை வைத்தார், அவ்வளவுதான். நிலா எங்கே வருகிறது?

பிறைமதி:
எழுத்தில் இல்லாவிட்டால் என்ன, செதுக்கியவன் பிறையைக் கண்ணெதிரே வைத்திருக்கிறான். ஆய்வாளர் நீல்சன் 1904-லேயே பழைய அரேபிய நிலா வழிபாட்டைப் பற்றிப் புத்தகமே போட்டார். உங்களுக்கு மட்டும் அது பிறையாகத் தெரியவில்லையோ?

கல்லெழுத்தன்:
நீல்சனைப் பிடித்துக்கொண்டு எத்தனை காலம் தொங்குவீர்கள்? அதே பிறையும் வட்டமும் வேறு தெய்வங்களின் கற்களிலும் இருக்கிறது, அப்போது எல்லாருமே நிலாவா? பின்னால் வந்த ஆய்வாளர்கள் கார்பினியும் பிரேனும் அல்மகாவின் காளைத் தலையையும் திராட்சைக் கொடியையும் காட்டி, இது நிலா இல்லை, சூரியன் பக்கம் சாய்கிறது என்று எழுதியதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் சபாக்காரர்களின் சூரியன் கோயிலுக்குத்தான் போய்ச் சேரும் என்று பழைய கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் எழுதி வைத்திருக்கிறார்.

பிறைமதி:
அவர் கேள்விப்பட்டதை எழுதினார். நான் கல்லைக் காட்டுகிறேன். பிறை பிறைதான்.

மஸ்கட்வாசி:
நீங்கள் இரண்டு பேரும் நிலாவிலேயே நில்லுங்கள். ஓமனில் சலாலா பக்கம் கோர் ரோரியில் ணந்தை கீரன் என்ற பெயரைத் தமிழ் பிராமியில் கீறிய பானை ஓடு கிடைத்ததே, அதை யாராவது பேசுகிறீர்களா?

கல்லெழுத்தன்:
ஐயா, அந்த இடம் பழைய சும்ஹுரம், சபா இல்லை, ஹத்ரமௌத் என்ற வேறொரு நாட்டுக்காரர்களின் துறைமுகம். அவர்களுடைய பெரிய தெய்வம் சயின். பானை ஓட்டுக்கும் சபாவின் தலைநகர் மாரிப் கோயில் காணிக்கைக் கல்லுக்கும் என்ன சம்பந்தம்? போன முறையும் இப்படித்தான் நடுவில் புகுந்து பேச்சைக் கெடுத்தீர்கள், நான் மறக்கவில்லை.

மஸ்கட்வாசி:
கெடுத்தது யார்? என் படத்தைக் கேட்காமல் எடுத்துப் போட்டது நீங்கள்தானே!

வெள்ளாற்றங்கரை:
கொஞ்சம் பொறுங்கள். எத்தியோப்பியாவில் வுக்ரோ அருகே கிடைத்த பலிபீடத்தைப் பாருங்கள். வஅரான் என்ற அரசன் அல்மகாவுக்குச் செய்து வைத்தது, எழுத்தில் அந்த நாட்டுப் பழைய ஊரான யெஹாவின் பெயர்கூட வருகிறது. மேலே ஊற்றியது ஓடி வடிய வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். என்ன ஊற்றினார்கள், எதற்கு ஊற்றினார்கள் என்று பேசலாமே.

பிறைமதி:
அதன்மேல் பிறை இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்.

கல்லெழுத்தன்:
பார்த்தீர்களா, மறுபடியும் பிறை! சின்னச் சின்னக் கனசதுரத் தூபக் கற்களில் நாலு பக்கமும் வாசனைப் பொருள்களின் பெயரை ஒவ்வொன்றாகப் பொறித்திருக்கிறார்கள், உள்ளே கரி பிடித்துக் கிடக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு சின்னத்தை வைத்து ஒரு நாட்டின் சமயத்தையே எழுதுகிறவரோடு என்ன பேசுவது? படத்தை மஸ்கட்வாசி பொதுவில்தான் போட்டிருந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மஸ்கட்வாசி:
பொதுவில் போட்டால் பெயர் சொல்லாமல் எடுத்துக்கொள்ளலாமா?

பிறைமதி:
சூரியனுக்குக் கொம்பு உண்டா? பதில் வரட்டும், அப்புறம் படத்தைப் பேசலாம்.