படிவம் 8 நிராகரிப்பு: அம்மாவின் ஓட்டை எப்படி மாற்றுவது?

அம்மாவுக்கு வயது 71. இதுவரை ஒரு தேர்தலிலும் ஓட்டுப் போடாமல் இருந்ததில்லை. அப்பா போன பிறகு மதுரையிலிருந்து சென்னைப் புறநகருக்கு, எங்களோடு வந்துவிட்டார். பெயர் மட்டும் இன்னும் பழைய தொகுதிப் பட்டியலில்தான் இருக்கிறது.

இரண்டு மாதம் முன்பு இணையத்தில் படிவம் 8 கொடுத்தேன் (முகவரி மாற்றத்துக்கு அதுதான், படிவம் 6 புதிதாகச் சேர்பவர்களுக்கு). புது முகவரி உள்ள ஆதாரையும் இணைத்தேன். சரிபார்க்க யாரும் வரவில்லை. போன திங்கள்கிழமை 'நிராகரிக்கப்பட்டது' என்று காட்டியது, காரணம் இல்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலருக்கு மூன்று நாளாக அழைக்கிறேன், எடுக்கவில்லை. அப்புறம் 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணில் புகாரும் பதிந்துவிட்டேன்.

மேல்முறையீட்டுக்கு 15 நாள்தான் அவகாசம். இதே நிலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்வதா, மறுபடி படிவம் 8 கொடுப்பதா, எது சீக்கிரம் முடியும்?