அமெரிக்க செனட்டருக்கு விவசாயிகள் எழுதிய கடிதங்கள்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வெண்ணாற்றங்கரை:
நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். போன மாதம் பரணை ஒழித்தபோது அப்பாயி பத்திரப்படுத்தியிருந்த ஒரு தலையணை உறை கிடைத்தது. துணிச்சாக்கைப் பிரித்துத் தைத்தது. சாயமெல்லாம் மங்கி, இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் மட்டும் தெரிகிறது. அப்பா வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடத்துல கோதுமை ரவை வந்த சாக்குடா இது" என்றார். அமெரிக்க விவசாயிகள் தங்கள் செனட்டருக்கு, அதாவது அந்நாட்டு நாடாளுமன்ற மேலவை உறுப்பினருக்கு, கடிதம் போட்டுக் கேட்டதால்தான் அதற்கான சட்டமே வந்தது என்று அவருடைய வாத்தியார் சொல்வாராம். உண்மையா? குறுவையும் தாளடியும் விளைந்த ஊரில் தட்டேந்தி நின்றோமே என்பது அப்பாவுக்கு இன்றும் ஆறாத மனத்தாங்கல்.

குறுவைக்காரன்:
ஓரளவு உண்மைதான். மிஞ்சிய விளைபொருளை வெளிநாடுகளுக்கு விற்கவும் நன்கொடையாகத் தரவும் 1954 ஜூலை 10 அன்று அமெரிக்க அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டம் அது. பி.எல். 480 (பொதுச் சட்டம் 480) என்று நம் பெரியவர்கள் சொல்வது அதைத்தான். ஆதரவு விலை கொடுத்து அரசு எடுத்த கோதுமை அங்கே கிடங்கு கொள்ளாமல் கிடந்தது. நம் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தேங்கினால் யார் யாருக்கெல்லாம் மனு போகும்? அதேபோலத்தான். அங்கே ஒரு மாநிலத்துக்கே இரண்டு செனட்டர்கள்தான் என்பதால் கடிதங்கள் குவியும். செனட்டர் அனுப்பும் பதில் கடித உறையில் தபால்தலை இருக்காது, அந்த இடத்தில் அவர் கையெழுத்தே இருக்கும்; அவருக்குத் தபால் செலவு இல்லை. மினசோட்டா செனட்டர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி இந்தச் சட்டத்துக்காக நிறையப் பாடுபட்டார். 1958இல் இதை விரிவாக்கச் சொல்லி செனட்டுக்கு ஓர் அறிக்கையே கொடுத்தார். அவருடைய கடிதக் கோப்புகள் செயின்ட் பால் நகரில் மினசோட்டா வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன.

பழைய ரேஷன் கார்டு:
தம்பி, அப்பாவிடம் இதை அவசியம் சொல்லுங்கள். ரேஷன் கடையில் நாம் வரிசையில் நின்று வாங்கிய கோதுமை தானம் இல்லை. 1956 ஆகஸ்டில் போட்ட ஒப்பந்தப்படி இந்தியா ரூபாயில் விலை கொடுத்தது. டாலர் தட்டுப்பாடு இருந்த காலம், அதனால் ரூபாயே போதும் என்றது அந்தச் சட்டம். அதற்கு முன் 1951இல் அதிபர் ட்ரூமன் காலத்தில் தானியத்துக்காக அமெரிக்கா தந்த 19 கோடி டாலரும் கடன்தான். நாம் கொடுத்த ரூபாய் அமெரிக்காவின் கணக்கில் இங்கேயே சேர்ந்து சேர்ந்து பெருகியது. 1974இல் இங்கிருந்த அமெரிக்கத் தூதர் மொய்னிஹான் 1,664 கோடி ரூபாய்க்குக் காசோலை எழுதி நம் அரசிடமே கொடுத்தார். பின்னாளில் நியூயார்க் செனட்டர் ஆனவர் அவர். உங்கள் வீட்டுச் சாக்கு மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நன்கொடையாக வந்ததாக இருக்கும். பசித்த பிள்ளை சாப்பிட்டதில் என்ன குறை?

வெண்ணாற்றங்கரை:
இரண்டு பேருக்கும் நன்றி. ராத்திரி சாப்பாட்டின்போது அப்பாவிடம் முழுதும் படித்துக் காட்டினேன். ரேஷன் கோதுமைக்கு விலை கொடுத்தோம் என்றதும் இலையில் வைத்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம், "சரி, கடுதாசி போட்டானே அந்த விவசாயி, அவனுக்குக் கட்டுபடியாற விலை கெடைச்சுதாமா?" என்று கேட்டார். அந்தக் கோப்புகளைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அவரிடம் படித்துக் காட்ட வேண்டும்.