டர்ன்டேபிள் வேகமாகச் சுற்றுகிறது, பெல்ட் மாற்ற வேண்டுமா? (அவசரம்)

பாதிராத்திரி
வணக்கம். போன மாதம் ஒரு பழைய டர்ன்டேபிள் கைக்கு வந்தது. நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் ரெகார்டைப் போட்டுக் கூடவே கீபோர்டு வாசித்தால் சுருதி சேரவில்லை. ரெகார்டு ஏறி நிற்கிறது. அரைக் கட்டைகூட இல்லை, அதற்கும் குறைவு, ஆனால் பல் கூசுகிறது. ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் வருகிறார்கள், அதற்குள் சரிசெய்ய வேண்டும். பெல்ட் மாற்றினால் போதுமா? என்ன அளவு வாங்குவது?

ஊசிமுனை
எந்த டர்ன்டேபிள்? பெல்ட்டா, டைரக்ட் டிரைவா (மோட்டாரே நேராகத் தட்டைச் சுற்றுவது)? எந்த ஊர்? எல்லா ரெகார்டும் ஏறுகிறதா, ஒன்று மட்டுமா? என்ன ரெகார்டு என்றுகூடச் சொல்லவில்லையே நண்பரே.

நாலாவது மாடி
பெல்ட்தான். சந்தேகமே வேண்டாம். எனக்கும் இதே கதை. பெல்ட் மாற்றினேன், சரியாகிவிட்டது.

வால்வு ரேடியோ
பெல்ட் தளர்ந்தால் வழுக்கும். வழுக்கினால் தட்டு மெதுவாகச் சுற்றும், சுருதி இறங்கும். இவருக்கு ஏறுகிறது. இதை இங்கே எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று எனக்கே நினைவில்லை. பழைய இழைகளைப் படிக்கிற பழக்கம் யாருக்கும் இல்லை, உடனே புது இழை, அதில் ஓர் 'அவசரம்' வேறு.

நாலாவது மாடி
சார், நான் சொன்னது தளர்ந்த பெல்ட்டை இல்லை. யாராவது தடிமனான பெல்ட் போட்டிருந்தால் மோட்டார் புல்லி பெரிதானதற்குச் சமம், வேகம் ஏறத்தான் செய்யும். பழைய பொருள் என்கிறார். முன்னால் வைத்திருந்தவர் என்ன போட்டாரோ.

கூட்ஸ் வண்டி
மின்சாரத்தைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த டர்ன்டேபிளா? அங்கே 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. பழைய சிங்க்ரனஸ் மோட்டார் அதைப் பொறுத்துத்தான் சுற்றும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. இது தெரியாமல் பலர் ஏமாறுகிறார்கள்.

ஊசிமுனை
கூட்ஸ் வண்டி அண்ணே, உண்மைதான், ஆனால் இங்கே பொருந்தாது. 60-க்குச் செய்த மோட்டாரை 50-இல் ஓட்டினால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பது 28-க்கும் கீழே போய்விடும். ஒன்றரைக் கட்டை இறங்கி, எல்லாம் தூக்கக் கலக்கத்தில் வாசித்த மாதிரி கேட்கும். இவருக்கு ஏற்றம், அதுவும் கால் கட்டை அளவுக்கு. பாதிராத்திரி, நீங்கள்தான் வந்து சொல்ல வேண்டும்.

பாதிராத்திரி
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். பெல்ட் டிரைவ், பழைய ஜப்பான் மாடல். சென்னை. நேராக 230 வோல்ட் பிளக், டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ரெகார்டு மைல்ஸ் டேவிஸ், ஜாஸ் ட்ரம்பெட்.

ஊசிமுனை
மைல்ஸ் டேவிஸ் என்றால் எது? அவர் போட்டது ஒன்றா இரண்டா?

பாதிராத்திரி
கைண்ட் ஆஃப் புளூ. வேறென்ன. முதல் பாட்டு 'சோ வாட்' பழகிக்கொண்டிருக்கிறேன். பாஸ் கேள்வி கேட்கும், பியானோ இரண்டே கார்டில் (சேர்த்து அழுத்தும் ஸ்வரக் கொத்து) பதில் சொல்லும் இல்லையா, அந்த இரண்டு கார்டைத்தான் கூடவே வாசிக்கிறேன். கீபோர்டு சரிதான், ட்யூனர் ஆப் வைத்துப் பார்த்துவிட்டேன், 'ஏ' ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ், வழக்கமான சுருதி. ரெகார்டுதான் ஏறி நிற்கிறது. என்னிடம் இருக்கிற ஜாஸ் ரெகார்டு இது ஒன்றுதான். மற்றதெல்லாம் தாத்தாவின் சினிமா ரெகார்டு, அவற்றோடு வாசித்துப் பார்க்கவில்லை.

சிடிப்பெட்டி
அப்பாடா. பெல்ட் வாங்காதீர்கள்! அந்த எல்பியின் இரண்டாம் பக்கத்தைப் போட்டு 'ஆல் புளூஸ்' கூட வாசித்துப் பாருங்கள். அது ஐந்து கட்டைப் பாட்டு (ஜி). அப்புறம் பேசுவோம். லேபிள் என்ன நிறம், என்ன எண் என்றும் சொல்லுங்கள்.

பாதிராத்திரி
சிவப்பு லேபிள், ஓரத்தில் சுற்றிலும் தங்க எழுத்தில் கொலம்பியா கொலம்பியா என்று போட்டிருக்கிறது. பிசி 8163. இரண்டாம் பக்கம் இன்னும் போட்டதே இல்லை.

வால்வு ரேடியோ
கைண்ட் ஆஃப் புளூ வாங்கி ஒரு மாதமாக இரண்டாம் பக்கம் கேட்காத ஒருவரை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறேன்.

சிடிப்பெட்டி
சார், பாவம், பழகுகிற பிள்ளையை விடுங்கள். விஷயம் இதுதான். அந்த ஆல்பம் 1959-இல் நியூயார்க்கில், கொலம்பியாவின் 30-வது தெரு ஸ்டுடியோவில் பதிவானது. முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். மார்ச் 2 அன்று முதல் பக்கத்தின் மூன்று பாட்டும், ஏப்ரல் 22 அன்று இரண்டாம் பக்கமும் எடுத்தார்கள். மார்ச் 2 அன்று மாஸ்டர் டேப் ஓடிய மெஷின் கொஞ்சம் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மெதுவாக ஓடிய டேப்பில் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? வேகமும் ஏறும், சுருதியும் ஏறும். அந்த டேப்பிலிருந்துதான் எல்பி வெட்டினார்கள். ஆக 'சோ வாட்', 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்', 'புளூ இன் க்ரீன்' மூன்றும் ஏற்றம். இரண்டாம் பக்கம் சரியாக இருக்கும்.

அதே நாள் கூடவே இன்னொரு மெஷினில் காப்பு டேப்பும் ஓடியது. அது சரியான வேகம். 1992-இல் மறுபதிப்புக்காக ஒலிப் பொறியாளர் மார்க் வைல்டர் பழைய டேப்புகளை எடுத்துப் பார்த்தபோதுதான் இந்த வேறுபாடு பிடிபட்டது. அந்த ஆண்டு வந்த தங்க சிடியில்தான் முதல் முறை திருத்தினார்கள். நடுவில் 33 ஆண்டு உலகம் முழுக்க ஏற்றத்திலேயே கேட்டிருக்கிறது. உங்கள் பிசி 8163 எழுபதுகளின் மறுபதிப்பு, பழைய டேப்தான். டர்ன்டேபிள் மேல் பழி போடாதீர்கள்.

நாலாவது மாடி
இருந்தாலும் ஒரு பெல்ட் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பழைய ரப்பர் எப்போது அறும் என்று சொல்ல முடியாது.

ஊசிமுனை
சிடிப்பெட்டி சொன்னதுதான் காரணம். ஆனாலும் வேகத்தை ஒருமுறை சோதித்துவிடுங்கள், பைசா செலவில்லை. தட்டின் ஓரத்தில் துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஃபோனில் ஸ்டாப்வாட்ச். டேப் உங்கள் பக்கம் வரும்போது பூஜ்யம் என்று தொடங்கி நூறு சுற்று எண்ணுங்கள். சரியாக மூன்று நிமிடம் ஆக வேண்டும். முதல் சுற்றையே 'ஒன்று' என்று எண்ணிவிடாதீர்கள், எல்லாரும் செய்கிற தப்பு அது. ரெகார்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணுங்கள், ஊசி இறங்கினால் சில மோட்டார் திணறும்.

கூட்ஸ் வண்டி
ஸ்ட்ரோப் தட்டு (கோடு போட்ட வட்டு, விளக்கொளியில் கோடு அசையாமல் நின்றால் வேகம் சரி) இருந்தால் இன்னும் சுலபம். 50 ஹெர்ட்ஸுக்கு 180 கோடு போட்டதுதான் வேண்டும், 216 கோடு இருப்பது அமெரிக்காவுக்கு. எல்ஈடி விளக்கில் பார்த்தால் பல சமயம் கோடு தெளிவாக நிற்காது. பழைய குண்டு பல்பு தேடிப் பிடியுங்கள். (பார்த்தீர்களா, ஹெர்ட்ஸ் கடைசியில் வந்துவிட்டது.)

மெட்ராஸ் மெயில்
இடையில் ஒரு கேள்வி. 'சோ வாட்' கரகரப்பிரியா என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

ஊசிமுனை
ஸ்வரங்கள் அதேதான், அந்தப் பாட்டு அமைந்த மேற்கத்திய டோரியன் மோடும் கரகரப்பிரியாவும் ஒன்று. இரண்டு கட்டையில் பதினாறு பார் (தாளப் பகுதி), அரைக் கட்டை மேலே ஏறி எட்டு பார், திரும்ப இறங்கி எட்டு பார்.

வால்வு ரேடியோ
ஸ்வரம் ஒன்றாக இருந்தால் ராகம் ஒன்றாகிவிடுமா? கமகம் எங்கே, பிரயோகம் எங்கே? பாட்டின் நடுவில் ஆதார ஸட்ஜத்தையே நகர்த்திவிட்டு அதைக் கரகரப்பிரியா என்றால் எந்த வித்வானும் எழுந்து போய்விடுவார்.

மெட்ராஸ் மெயில்
சரி சார், கேட்டது தப்பு.

வால்வு ரேடியோ
அப்புறம் இந்த 'திருத்தம்' பற்றி. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 1959 ஆகஸ்டில் வெளியானது எந்த வேகத்தில்? அந்த ரெகார்டைக் கேட்டுத்தான் ஒரு தலைமுறையே வாசிக்கப் பழகியது. மைல்ஸ் இறந்தது 1991 செப்டம்பரில், திருத்தம் வந்தது 1992-இல். அவர் உயிரோடு இருந்த காலம் முழுக்கக் கடையில் விற்றது ஏற்றமான பதிப்புதான். அப்படியானால் எது அசல்? என்னிடம் ஆறு கண் லேபிள் (கண் போன்ற ஆறு சின்னம் போட்ட பழைய கொலம்பியா லேபிள்) மோனோ இருக்கிறது, சிஎல் 1355. அதில் ஒரு துடிப்பு உண்டு. திருத்தியதைக் கேட்டால் எனக்குச் சோம்பலாகப்படுகிறது.

சிடிப்பெட்டி
உங்களுக்குப் பழகிய காது சார், அவ்வளவுதான். அந்த அறையில் கோல்ட்ரேனும் ஆடர்லியும் பில் எவன்ஸும் வாசித்த சுருதி எது? காப்பு டேப்பில் இருப்பது. மெஷின் கோளாறுக்கு அசல் என்று பெயர் வைக்க முடியாது. முதல் பதிப்புகளில் சிலவற்றில் 'ஆல் புளூஸ்', 'ஃப்ளமென்கோ ஸ்கெட்சஸ்' பெயர்கள்கூட இடம் மாறி அச்சாயின. அதையும் அசல் என்று அப்படியே விட்டுவிடலாமா?

வால்வு ரேடியோ
அச்சுப் பிழையும் இதுவும் ஒன்றா? சிடி கேட்டு வளர்ந்தவர்களுக்கு எல்லாமே எண்ணாகத்தான் தெரியும். ஊசி வைத்துக் கேட்கிற அனுபவம் வேறு.

சிடிப்பெட்டி
இதோ வந்துவிட்டது, ஊசி அனுபவம். இன்றைக்கு வருகிற புது ஜாஸ் எல்பிக்களில் பலவற்றின் பதிவே டிஜிட்டல். கம்ப்யூட்டரில் பதிந்ததைப் பிளாஸ்டிக்கில் வெட்டி மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார்கள். நான் அதை சிடியில் வாங்குகிறேன். ஒரு பாட்டின் நடுவில் எழுந்து பக்கம் திருப்பவும் வேண்டாம். பழைய அனலாக் டேப்பிலிருந்து நேராக வெட்டிய புளூ நோட் கம்பெனி மறுபதிப்பு என்றால் எல்பி, ஒத்துக்கொள்கிறேன். என்னிடமும் நாற்பது இருக்கிறது.

மெட்ராஸ் மெயில்
பெயர் சிடிப்பெட்டி, வீட்டில் நாற்பது எல்பி!

ஊசிமுனை
இரண்டு பேரும் தனி இழை போட்டுக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டவருக்கு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் வருகிறார்கள். பாதிராத்திரி, அவசரத்துக்கு ஒரு வழி: கீபோர்டில் ஃபைன் ட்யூன் என்று ஓர் இடம் இருக்கும். ரெகார்டை ஓடவிட்டு, ஒரே கார்டைப் பிடித்துக்கொண்டு, 440-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ரெகார்டோடு உரசும்போது வருகிற அந்த 'ஊம் ஊம்' அலை மெதுவாகி நின்றுவிடும். அங்கே நிறுத்துங்கள். இரண்டாம் பக்கத்துக்குப் போகும்போது மறக்காமல் 440-க்குத் திரும்பிவிட வேண்டும்.

பாதிராத்திரி
நூறு சுற்று எண்ணினோம். எனக்கு 3 நிமிடம் வந்தபோது நூறு. பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிய அம்மாவுக்குத் தொண்ணூற்றொன்பது. யார் சொல்வது சரி?

ஊசிமுனை
அம்மா சொல்வது சரியென்றாலும் ஒரு சதவீதம்தான் வித்தியாசம், அதுவும் மெதுவான பக்கம். உங்கள் ஏற்றத்துக்கு அது காரணமாக முடியாது. இரண்டாம் பக்கம் போட்டீர்களா இல்லையா?

பாதிராத்திரி
போட்டேன். ஐந்து கட்டை, ஒட்டிக்கொண்டது. ஃப்ளமென்கோவும் அப்படியே. ஒரு மாதம் டர்ன்டேபிளைத் திட்டிக்கொண்டிருந்தேன். சிடி எது வாங்குவது?

சிடிப்பெட்டி
பழைய சிடியிலும் கோளாறு உண்டு, கவனம். எண்பதுகளில் வந்த சிகே 40579 திருத்தாதது. 1997-இல் வந்த சிகே 64935 திருத்தியது, அதற்குப் பிறகு வந்ததும் அப்படியே. பழைய கடையில் பார்த்தால் முதுகில் இருக்கிற எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள், அட்டைப் படம் ஒன்றுபோல இருக்கும். 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' மட்டும் பியானோ பில் எவன்ஸ் இல்லை, வின்டன் கெல்லி, அதையும் பழகுங்கள். ஆறரைக் கட்டை புளூஸ், கைக்கு அடங்கும்.

வால்வு ரேடியோ
எல்பியை விற்பதாக இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பவும்.

கூட்ஸ் வண்டி
பழைய மறுபதிப்புக்கு இவ்வளவு ஆசையா சார்? ஆறு கண் மோனோ இருக்கிறது என்றீர்களே.

வால்வு ரேடியோ
அது தேயாமல் வைத்திருக்கிறேன். தினம் ஓட்ட ஒன்று வேண்டாமா.

பாதிராத்திரி
விற்கவில்லை சார். 64935 கிடைத்தது, கீபோர்டோடு சேருகிறது. ஞாயிறு நன்றாகப் போனது. எல்லாருக்கும் நன்றி. பெல்ட் இதற்குள் வந்துவிட்டது, திருப்பி எடுக்க மாட்டார்களாம். யாருக்காவது வேண்டுமா?

நாலாவது மாடி
என்ன அளவு?