மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்குது, கச்சேரிக்கு 9 நாள்தான் இருக்கு: உதவி தேவை

காலாப்பட்டு மாணவி:
வணக்கம். புதுச்சேரி காலாப்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில படிக்கிறேன். கலைவிழாவோட கடைசி நாள் ராத்திரி ராக் கச்சேரி, பொறுப்பு என்னோடது. ரெண்டு கிடார், ஒரு பேஸ் கிடார், டிரம்ஸ், பாட்டு.

நேத்து திறந்தவெளி மேடையில ஒத்திகை. பாடுற பையனே கிடாரும் வாசிக்கிறான். கம்பியில கை வச்சபடி மைக்குக்கிட்ட வாயைக் கொண்டுபோனதும் உதட்டுல சுரீர்னு அடிச்சு, அப்படியே பின்னால சாஞ்சுட்டான். கிடாரைக் கழட்டி வச்சுட்டுப் பாடினா ஒண்ணும் இல்ல. மைக்குல டெஸ்டர் வச்சோம், எரியல. மைக்கை மாத்தியாச்சு, வயரையும் மாத்தியாச்சு, அப்பவும் அடிக்குது.

மிக்ஸரும் ஸ்பீக்கரும் வாடகை ஜெனரேட்டர்ல ஓடுது. கிடார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ரெண்டுக்கும் பக்கத்துக் கட்டடத்துல இருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்திருக்கோம். முதல்ல ஸ்பீக்கர்ல "ம்ம்ம்"னு இரைச்சல் இருந்துச்சு. ஆம்ப் பிளக்குல இருக்கிற பெரிய பின்னைக் கழட்டிட்டா நின்னுடும்னு செட் போட்டவர் சொன்னார், கழட்டினோம். இரைச்சல் குறைஞ்சுது. மைக்குக்குப் பஞ்சு உறை போட்டா ஷாக்கும் போயிடும்னு பசங்க சொல்றாங்க. அது போதுமா?

கடலூர் மைக்செட்:
போதாது தங்கச்சி. அந்தப் பெரிய பின்தான் எர்த். அதைத் திரும்ப மாட்டாம அந்த ஆம்ப்பை யாரும் ஆன் பண்ணக் கூடாது. முதல்ல அதைச் செய்யுங்க, அப்புறம் மீதியைப் படிங்க.

கிடார் கம்பி, ஜாக் வயர் வழியா ஆம்ப்போட இரும்புக் கூட்டோட சேர்ந்திருக்கு. மைக்கோட வலை, மிக்ஸர் வழியா ஜெனரேட்டர் எர்த்தோட சேர்ந்திருக்கு. ஆம்ப்புல எர்த்தை எடுத்துட்டா, உள்ளே கசியிற கரண்டுக்கு இறங்க வழி இல்ல. பையன் கையால ஒரு பக்கத்தையும் உதட்டால இன்னொரு பக்கத்தையும் தொட்டதும் அவன் உடம்பே வழியாகிடுச்சு. கைக்கும் உதட்டுக்கும் நடுவுல நெஞ்சு இருக்கு, அதை மறக்காதீங்க. மைக்குல டெஸ்டர் எரியாததுக்கும் இதுதான் காரணம். கரண்டு மைக்குல இல்ல, கம்பியில இருக்கு.

1972 மே மாசம், ஸ்டோன் தி குரோஸ் ராக் குழுவோட கிடார்காரர் லெஸ் ஹார்வி, வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீயில சரியா எர்த் ஆகாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே செத்துப்போனார். வயசு 27. உங்க பையன் பின்னால சாஞ்சதோட தப்பிச்சிருக்கான்.

பஞ்சு உறை போடுங்க, நல்லதுதான். ஆனா ரெண்டு பாட்டுல எச்சிலும் வேர்வையும் ஊறிடும், அப்புறம் அது ஷாக்கைத் தடுக்காது.

ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன், வில்லியனூர்:
அம்மா, கடலூர்க்காரர் சொன்னது சரி. டெஸ்டரை ஓரமா வச்சுட்டு மல்டிமீட்டர் எடுங்க. ஏசி வோல்ட்ல வச்சு, ஒரு முனையைக் கிடார் கம்பியிலயும் இன்னொரு முனையை மைக் வலையிலயும் வைக்கணும். அப்போ கிடாரை யாரும் கையில வச்சிருக்கக் கூடாது. 1, 2 வோல்ட்டுக்குள்ள இருந்தா சரி. 100 பக்கம் காட்டினா எர்த் இல்லாத கசிவு. 230 கிட்ட காட்டினா ஃபேஸே கூட்டுல பட்டிருக்குன்னு எடுத்துக்குங்க, அந்த ஆம்ப்பை மேடையை விட்டே எடுத்துடுங்க.

கட்டடத்துல இருந்து லைன் இழுக்கிறதை விடுங்க. மேடையில சத்தம் சம்பந்தப்பட்டது எல்லாத்துக்கும் ஒரே போர்டு, ஒரே எர்த். அதுவும் ஒரே ஃபேஸ்ல. ஆம்ப் ஒரு ஃபேஸ், மிக்ஸர் வேற ஃபேஸ்னா பழுது வந்தா ரெண்டுக்கும் நடுவுல 400 வோல்ட் வரலாம். விளக்குகளை மத்த ரெண்டு ஃபேஸ்ல போட்டுக்குங்க.

காலாப்பட்டுக் கடலோர மணலைப் பத்தி ஒண்ணு சொல்லணும். காய்ஞ்ச மணல்ல ரெண்டடிக் கம்பியை அடிச்சுட்டு எர்த்னு சொல்லுவாங்க, அது எர்த் இல்ல. ஈரம் தட்டுற ஆழம் வரைக்கும் இறங்கணும். உப்புக் காத்துல எர்த் போல்ட்டு துருவேறியிருக்கும், சுரண்டிட்டு முறுக்கச் சொல்லுங்க. போர்டுல 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்டு கசிஞ்சா தானா லைனை வெட்டுற சுவிட்ச், இருக்கணும். ஜெனரேட்டரோட நியூட்ரல் எர்த்தோட சேர்ந்திருந்தாத்தான் அது ஒழுங்கா வேலை செய்யும். இதை லைசென்ஸ் உள்ளவரை வச்சுத்தான் செய்யணும், பசங்க கை வைக்க வேண்டாம்.

காலாப்பட்டு மாணவி:
ரொம்ப நன்றி சார், நன்றிண்ணே. பின்னை மாட்டினா இரைச்சல் திரும்ப வருமே, அதுக்கு என்ன செய்யறது?

கடலூர் மைக்செட்:
ஒரே போர்டுக்கு வந்தாலே பாதிக்கு மேல போயிடும். அப்பவும் பேஸ் கிடார்ல இருந்து வந்தா, அதுக்கும் மிக்ஸருக்கும் நடுவுல டிஐ பாக்ஸ்னு ஒரு சின்னப் பெட்டி போட்டு அதுல இருக்கிற கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை அழுத்துங்க. அது சிக்னல் வயரோட உறையைத்தான் துண்டிக்கும், கரண்டு எர்த்துல கை வைக்காது. வாடகைக் கடையில கேட்டா தருவாங்க.

பாகூர் பழைய மாணவன்:
நேரத்தைப் பத்தி ஒண்ணு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி திறந்தவெளியில ராத்திரி 10 மணிக்கு மேல ஸ்பீக்கர் கூடாது. கல்லூரியைச் சுத்தி 100 மீட்டர் அமைதிப் பகுதியா இருக்கலாம், அதனால அனுமதி இல்லாம ஆரம்பிக்காதீங்க. போலீஸ் அனுமதிக் கடிதத்துல நேரத்தை எழுதி வாங்கிக்குங்க. எங்க விழாவுல சவுண்ட் செக் இழுத்து, முக்கியமான குழு மேடை ஏறினப்ப மணி 9.40. நாலு பாட்டோட இறங்கிட்டாங்க, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு.

காலாப்பட்டு மாணவி:
இன்னைக்கு வயரிங் பண்றவரைக் கூட்டிட்டு வந்தோம். எதையும் மாத்துறதுக்கு முன்னாடி அளந்தப்ப கம்பிக்கும் மைக்குக்கும் நடுவுல 108 வோல்ட். பின்னை மாட்டின பிறகும் குறையல! எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பிரிச்சுப் பார்த்தா உள்ளே எர்த் வயரையே மாட்டாம சுருட்டி வச்சிருக்காங்க. அந்தப் பாக்ஸைத் தூக்கிப் போட்டுட்டு எல்லாத்தையும் ஜெனரேட்டர் போர்டுக்குக் கொண்டுவந்தோம். இப்போ 0.6 வோல்ட். பேஸ் கிடார்ல மட்டும் லேசா இரைச்சல் இருக்கு, டிஐ பாக்ஸ் சொல்லியாச்சு.

பாடுற பையனோட அம்மாகிட்டயும் நடந்ததைச் சொல்லிட்டேன். சனிக்கிழமை மறுபடியும் ஒத்திகை. அவன் கிடாரைத் தொடுறதுக்கு முன்னாடி நானே மீட்டர் வச்சுப் பார்ப்பேன்.