செட்டிநாட்டு வீடுகளை ஊர்ப் பிள்ளைகளுக்கு எப்படி அறிமுகப்படுத்துவது?

ஊரணிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்கு அருகில் ஒரு சிற்றூரின் நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடந்த பழைய வீடு ஒன்றைக் கடந்த தை மாதம் எங்கள் பள்ளிக்கு அருகில் இடித்தார்கள். பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைக்கதவும் முதலில் லாரி ஏறின; அதன்பின் சுவர்கள் விழுவதற்கு அதிக நாள் ஆகவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அதைப் பற்றிப் பேசியபோது, "அது செட்டியார் வீடு டீச்சர், நமக்கென்ன?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் துடுக்காகப் பேசவில்லை. மனத்தில் இருந்ததை உள்ளபடியே சொன்னாள்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014ஆம் ஆண்டிலேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டன. தொலைதூரத்திலிருந்து வருகிறவர்கள் படம் எடுத்துச் செல்கிறார்கள். இங்கேயே பிறந்து வளரும் பிள்ளைகளோ அந்தத் திண்ணையைத் தாண்டி உள்ளே போனதே இல்லை. அந்த மாணவியின் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது? எதைக் காட்டுவது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

சாந்துக்கரண்டி

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். என் தாத்தா சுண்ணாம்புக் கொத்தனார். நான் கட்டடப் பொறியியல் படித்துவிட்டுப் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். அந்த மாணவியிடம், "பணம் செட்டியாருடையது, கை நம் பாட்டன் பாட்டியுடையது" என்று நான் சொல்வேன். சுட்ட சுண்ணாம்பை நீற்றிப் புளிக்கவைத்து, மணலோடு சேர்த்துச் செக்கில் அரைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் கலந்து, ஒரு பூச்சு இறுகிய பிறகே அடுத்த பூச்சு என்று பொறுமையாக ஏற்றியவர்களும், கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துக் கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்த்து மெருகேற்றியவர்களும் இந்தச் சுற்றுவட்டாரத்து மனிதர்கள்தாம். சித்திரை மாத நண்பகலில் அந்தச் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகம் சொல்லாததை அந்தக் குளிர்ச்சி சொல்லும்.

இன்னொன்றையும் அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். நான் பார்த்த ஒரு வீட்டில், உதிர்ந்த இடத்தை மட்டும் சிமென்ட் வைத்துப் பூசியிருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. இரண்டு மழைக்காலம் கடப்பதற்குள் உப்புப் பூத்து, சிமென்ட் ஒட்டுத் தன்னோடு நூறாண்டுப் பூச்சையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. பழைய வீடு தானாகவே பாழாகிறது என்று ஊரில் நினைக்கிறார்கள். பல வீடுகளைத் தவறான பழுதுபார்ப்புதான் பாழாக்குகிறது.

முடிந்தால், இந்த வீடுகளின் பூ வேலைத் தரைக்கற்களைச் செய்யும் ஆத்தங்குடிக்கு ஒரு நாள் அழைத்துச் செல்லுங்கள். கண்ணாடியின்மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமென்ட் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்த பிறகு மேலே உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, பின்புறத்துக்குச் சாந்து வைத்து அமுக்குவார்கள். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறி, வெயிலில் காய்ந்தால் கல் தயார். கண்ணாடியைப் பிரித்தெடுக்கும் நொடியில் பூ வேலைப்பாடு பளிச்சென்று தெரியும்போது பிள்ளைகளின் முகத்தைக் கவனியுங்கள். ஓர் எச்சரிக்கை: சுண்ணாம்புச் செய்முறை காட்டுவதாக இருந்தால், நீற்றாத சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே வேண்டாம், தண்ணீர் பட்டால் அது கொதிக்கும்.

மூன்றாம் பங்காளி

எங்கள் பூர்வீக வீட்டுக்கு இன்று 19 பங்காளிகள். ஓடு மாற்ற வேண்டும் என்றால் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் சம்மதிப்பதற்குள் ஒரு மழைக்காலம் போய்விடுகிறது. பாசம் இல்லாமல் யாரும் இடிப்பதில்லை என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும்.

வரலாற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள் அம்மா. இந்தத் தூண்கள் வந்த அதே பர்மாவில், 1930களின் இறுதியில் கீழ்ப் பகுதியின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால் பங்கு நிலம், கடன் கொடுத்துவந்த எங்கள் செட்டியார் முன்னோர் கைக்கு வந்திருந்தது. அங்கே கடன்பட்டு நிலம் இழந்த உழவர்களின் துயரமும் இந்த வளவின், அதாவது அறைகள் சூழ்ந்த நடுமுற்றத்தின், கதையில் சேர்ந்ததுதான். 1942இல் ஜப்பானியப் படை நுழைந்ததும் பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. புதிய பெரிய வீடுகள் ஏன் அதன்பின் எழவில்லை என்பதற்கு அதில் விடை இருக்கிறது.

முன்னோரை வழிபடும் படைப்புக்காக நாங்கள் எல்லாரும் ஊரில் கூடும்போது வீடு முழுவதும் திறந்திருக்கும். அதற்கு முந்தைய நாள் உங்கள் பிள்ளைகளை அழைத்து வாருங்கள்; முகப்பிலிருந்து பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி வரை நானே கூட்டிச் சென்று காட்டுகிறேன். புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை என்று பிரித்துக்கொண்டு, ஒரே கூரையின்கீழ் தனித்தனியாகக் கணக்குப் பார்த்து வாழ்ந்த முறையை அந்த அறைகளின் முன் நின்றுதான் விளக்க முடியும்.

நாட்டு ஓடு

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் தேக்கிலும் பளிங்கிலும் மட்டும் பிள்ளைகளை நிறுத்திவிடாதீர்கள். தண்ணீரைப் பின்தொடரச் செய்யுங்கள். வளவின் நான்கு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிந்திருப்பது, விழும் மழையைக் கிடாரங்கள் என்னும் பெரிய பாத்திரங்களில் பிடிப்பதற்காக. மிஞ்சிய நீர் வடிகால் வழியாகத் தெருவுக்கும், அங்கிருந்து ஊரணிக்கும் போகும்படி ஊரையே வகுத்திருந்தார்கள். எங்கள் ஊரில் ஒரு குடம் தண்ணீரை வளவில் ஊற்றிப் பிள்ளைகளோடு நடந்து பார்த்தோம். தெருமுனையில் வரத்துக்கால்வாயை மூடிப் போட்டிருந்த சிமென்ட் தளத்தில் போய் நின்றது. "இதை யார் மூடினார்கள்?" என்று அவர்களே கேட்டார்கள். ஊரணி எல்லாருடையது என்பதால் அங்கிருந்து தொடங்கினால் "நமக்கென்ன" என்ற கேள்வியே எழாது. திண்ணையும் நாட்டு ஓடும் உள்ள சிறிய வீடுகளையும் விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளில் பலர் வாழ்வது அங்கேதான்.

ஊரணிக்கரை

மூவருக்கும் நன்றி. ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஊரணியிலிருந்து வீட்டை நோக்கி, தண்ணீருக்கு எதிர்த்திசையில் நடப்பதாகத் திட்டமிட்டிருக்கிறேன். கொத்து வேலைக்கும் கல் பதிக்கும் வேலைக்கும் போகிற பெற்றோரை முதலில் வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொல்லப் போகிறேன். பங்காளி ஐயா, உங்கள் படைப்பு எந்த மாதம் என்று தெரிவித்தால் தலைமையாசிரியரிடம் இப்போதே அனுமதி கேட்டு வைப்பேன். மொத்தம் 34 பிள்ளைகள்; வளவில் ஒரே நேரத்தில் அத்தனை பேரும் உட்கார இடம் இருக்குமா?