கிங்டம் கம்: டெலிவரன்ஸ் 85 சதவீதத் தள்ளுபடியில் வந்திருக்கிறது, வாங்கலாமா?

தேங்காய்ச்சில்லு:

நண்பர்களுக்கு வணக்கம். ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடையில் கிங்டம் கம்: டெலிவரன்ஸ் என்ற கதை விளையாட்டின் முதல் பாகம், விரிவாக்கங்களும் சேர்ந்த ராயல் எடிஷன், 85 சதவீதத் தள்ளுபடியில் கிடைக்கிறது. திங்கட்கிழமை இரவோடு தள்ளுபடி முடிகிறது. விலை பெரிய விஷயம் இல்லை. வாங்கினால் ஆடுவேனா என்பதுதான் கேள்வி.

விட்சர் 3-ஐ இரண்டு விரிவாக்கங்களோடும் ரசித்து முடித்தவன் நான். ஸ்கைரிம் பாதியிலேயே சலித்துவிட்டது. எங்கே போனாலும் உலகம் எனக்காகக் கை கட்டிக் காத்துக்கொண்டிருப்பதுபோல் ஓர் உணர்வு. முறை வைத்து மாறி மாறி ஆடும் டர்ன் வகை விளையாட்டுகள் எனக்கு ஒத்துவராது.

லேப்டாப்: ஐ5 ஒன்பதாம் தலைமுறை, 1650 கிராஃபிக்ஸ் கார்டு 4 ஜிபி, ராம் 8 ஜிபி. எஸ்எஸ்டி சின்னது என்பதால் கேம்கள் எல்லாம் ஹார்ட் டிஸ்கில்தான்.

சேவ் செய்யவே சாராயம் குடிக்க வேண்டுமாமே, உண்மையா? அப்புறம், ஆரம்பம் ஒரே இழுவை என்கிறார்கள். பிடிக்காவிட்டால் ரீஃபண்ட் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன், சரிதானே? கடைசியாக, இரண்டாம் பாகம் 2025 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. முதல் பாகத்தை விட்டுவிட்டு நேராக அதற்குப் போனால் என்ன?

டீக்கடைபெஞ்சு:

85 சதவீதத்துக்கு யோசனையே தேவையில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் ப்ரோ. ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் ஆடுவீர்கள்.

மூணாம்தளம்:

அந்த "ஒரு நாள்" வராத கேம்கள்தான் எல்லோர் லைப்ரரியிலும் வரிசையாக நிற்கின்றன. தேங்காய்ச்சில்லு, கண்ணைத் திறந்துகொண்டே வாங்குங்கள். ரீஃபண்டிலிருந்து தொடங்குகிறேன், பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்ப வரும். நிதானமாக ஆடுகிறவருக்கு இந்த விளையாட்டின் முன்கதையே அந்த இரண்டு மணி நேரத்தை விழுங்கிவிடும். ஸ்காலிட்ஸ் என்ற ஊரில் கொல்லன் மகன் ஹென்றியாக எழுந்திருப்பீர்கள். அப்பா வேலை வைப்பார்: கரி வாங்கி வா, கோட்டையிலிருந்து வாளின் குறுக்குப்பிடியை வாங்கி வா, வரும்போது குளிர்ந்த பீர் கொண்டு வா. கரிக்குக் காசு வேண்டுமென்றால் குனேஷ் என்ற குடிகாரனிடம் கடனை வசூலிக்க வேண்டும். அவன் தரமாட்டான். கை வைத்தால் திருப்பி அடிப்பான், பெரும்பாலும் அவன்தான் ஜெயிப்பான். ஆனால் தோற்றதற்காகத் திரையில் "மறுபடி முயற்சி செய்" என்று வராது. உதை வாங்கிய முகத்தோடு கூட்டாளிகளிடம் போகலாம். அவர்களோ, முதலில் எங்களோடு வந்து அந்த ஜெர்மன்காரர் வீட்டுச் சுவரில் சாணம் அடி, அப்புறம் குனேஷைப் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். இதைச் சிரித்துக்கொண்டே செய்தீர்கள் என்றால் உங்களுக்கான விளையாட்டு இது. "வாளை எப்போது தருவார்கள்?" என்று கடிகாரத்தைப் பார்த்தால் இல்லை.

அதன் பிறகு ஊரையே அழிக்கும் படை வரும், தப்பி ஓட வேண்டும். உலகம் உண்மையில் திறப்பது அதற்கும் பின்னால், ரட்டாய் என்ற நகரத்துக்குப் போய்ச் சேர்ந்ததும்தான். ஆக, பிடிக்கிறதா இல்லையா என்று உங்களுக்குத் தெரியும்போது ரீஃபண்ட் கதவு மூடியிருக்கும். ரீஃபண்டை நம்பித்தான் வாங்குகிறீர்கள் என்றால் ஜிஓஜி கடையில் பாருங்கள். அங்கே ஆடியிருந்தாலும் 30 நாள் வரை திருப்பிக் கொடுக்கலாம், நகல் எடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் பூட்டும் கிடையாது. தள்ளுபடி அங்கேயும் அடிக்கடி வரும். அதற்காக முழுக்க ஆடி முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்காதீர்கள், அது நம்பிக்கையில் நடக்கிற ஏற்பாடு.

சேவ் விஷயம் பாதி உண்மை. நினைத்த இடத்தில் சேவ் செய்ய சேவியர் ஷ்னாப்ஸ் என்ற சரக்கு வேண்டும், குடித்தால் ஹென்றிக்குக் கொஞ்சம் ஏறவும் செய்யும். ஆனால் சொந்தப் படுக்கையிலோ சத்திரத்தில் வாடகைக்கு எடுத்த படுக்கையிலோ தூங்கினாலே சேவ் ஆகிவிடும். கதையின் முக்கியக் கட்டங்களில் தானாகவும் ஆகும். 2018-இல் வெளிவந்தபோது இதற்குக் கிளம்பிய கூச்சலில், "சேவ் செய்து வெளியேறு" என்பதையும் அப்டேட்டில் சேர்த்துவிட்டார்கள். திரும்பி வந்ததும் அந்த சேவ் அழிந்துவிடும், எனவே அதை வைத்து ஏமாற்ற முடியாது. எனக்கு அது போதும். மகள் தூங்கிய பிறகு எனக்குக் கிடைப்பதே ஒரு மணி நேரம். நடுவில் அவள் எழுந்து அழுதால் எந்த இடத்தில் இருந்தாலும் எழுந்து போகலாம் என்ற நிம்மதி இல்லாவிட்டால் நான் இதைத் தொட்டே இருக்கமாட்டேன். இந்தக் கட்டுப்பாடே வேண்டாம் என்றால் இஷ்டத்துக்கு சேவ் செய்யும் மாட் (ரசிகர்கள் செய்த மாற்றம்) இருக்கிறது, ஏராளமானோர் அதைப் போட்டுத்தான் ஆடுகிறார்கள். இருந்தாலும் முதல் சில நாள் மாட் இல்லாமல் ஆடிப் பாருங்கள் என்பேன். சேவ் இல்லாத பயத்தில்தான் ஒவ்வொரு காட்டுப்பாதையும் காட்டுப்பாதையாக இருக்கிறது. தூரத்தில் நாலு பேர் நிற்பது தெரிந்தாலே குதிரையைத் திருப்பத் தோன்றும்.

எனக்கு இதில் உயிர் எது என்றால், படிப்பு. ஹென்றிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1403-இல் ஒரு கொல்லன் மகனுக்கு எப்படித் தெரியும்? புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம்மாறிக் குழம்பிக் கிடக்கும், ஒரு சொல்லும் பிடிபடாது. ஊஷிட்ஸ் ஊரில் ஓர் எழுத்தர் இருக்கிறார், அவரைத் தேடிப் போய்க் காசு கொடுத்துக் கற்க வேண்டும். கற்ற பிறகும் எல்லாம் ஒரே நாளில் தெளிந்துவிடாது. பெஞ்சில் உட்கார்ந்து படிக்கப் படிக்க, பக்கத்தில் ஒன்றிரண்டு சொற்கள் சரியாகி நிற்கும், மற்றவை இன்னும் குழப்பத்தில் இருக்கும். படிக்கத் தெரிந்தால்தான் மருந்துக் குறிப்பு புரியும். மருந்து காய்ச்சுவதும் பட்டனை அழுத்தி முடிக்கிற வேலை இல்லை. ஒரு பக்கம் குறிப்புப் புத்தகம் திறந்திருக்கும், கொப்பரையில் ஒயினையோ எண்ணெயையோ ஊற்றி, மூலிகையை உரலில் இடித்து, துருத்தி அமுக்கி, மணற்கடிகாரத்தைக் கவிழ்த்துக் கொதியைக் கணக்குப் பார்க்க வேண்டும். ஷ்னாப்ஸையே இப்படி நீங்களே காய்ச்சிக்கொள்ளலாம்.

டிராகனும் மந்திரமும் கிடையாது. அரசர் நான்காம் சார்லஸ் இறந்த பிறகு மகன் வென்ஸெஸ்லாஸ் சரியாக ஆளவில்லை, சிகிஸ்மண்ட் என்ற இன்னொரு மகன் அண்ணனையே சிறைபிடித்துவிட்டுப் படையோடு பொஹிமியாவுக்குள், அதாவது இன்றைய செக் நாட்டுக்குள், வந்திருக்கிறான். அந்தப் பெரிய இடத்துச் சண்டையில் நசுங்குகிற சின்ன ஊர்களின் கதை இது. உருவாக்கிய வார்ஹார்ஸ் நிறுவனமே பிராகில் இருப்பதுதான். ஸ்காலிட்ஸ், ரட்டாய், சஸாவ் மடம் எல்லாம் பிராகுக்குத் தென்கிழக்கே சஸாவா ஆற்றை ஒட்டி இன்றும் உள்ள இடங்கள்.

ஸ்கைரிம் பற்றிச் சொன்னீர்களே, அந்தக் குறை இங்கே இல்லை. மெர்ஹோயட் கிராமத்தில் நோய் பரவும் ஒரு வேலை வரும். போகிறேன் போகிறேன் என்று வேறு ஊர் சுற்றினால் அதற்குள் ஆட்கள் செத்துப்போவார்கள். அழுக்குச் சட்டையும் ரத்தக்கறையுமாகப் போய்ப் பேசினால் உங்கள் பேச்சு எடுபடாது, குளித்துவிட்டுப் போக வேண்டும். விட்சர் பிடித்தது எதற்காக என்று மட்டும் யோசியுங்கள். அதன் நாயகன் கெரால்ட் முதல் காட்சியிலேயே கைதேர்ந்தவன். ஹென்றிக்கு வாள் பிடிக்கவே தெரியாது, உங்களுக்கும் தெரியாது, இரண்டு பேரும் சேர்ந்தே கற்க வேண்டும்.

இரண்டாம் பாகம் முதல் பாகம் விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறது. ஹென்றிக்கும் ரட்டாயின் இளம் பிரபு ஹான்ஸ் கேப்பனுக்கும் உள்ள உறவு எப்படி அடிதடியில் தொடங்கியது என்று தெரியாமல் அங்கே போனால் பாதி ருசி போய்விடும். அதைவிட, உங்கள் லேப்டாப் அதற்குத் தாங்காது. குறைந்தபட்சமே 1060 கார்டு (6 ஜிபி), 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி கேட்கிறது.

ராத்திரிஷிப்ட்:

மூணாம்தளம் அழகாக எழுதிவிட்டார், ஆனால் சண்டையைப் பற்றி ஒரே வரியில் தாண்டிவிட்டார். நான் இதை விட்டதே அதனால்தான்.

ஒருவனோடு ஒருவன் என்றால் சரி. ஐந்து திசை, அதோடு குத்து, எதிராளி எந்தப் பக்கம் காவல் இல்லாமல் இருக்கிறான் என்று பார்த்து அடிப்பது, இதெல்லாம் நன்றாகவே இருக்கிறது. மூன்று பேர் வந்தால் கேமரா ஒருவன்மேல் ஒட்டிக்கொள்ளும், மற்ற இருவர் முதுகில் போடுவார்கள். முகம் மூடிய தலைக்கவசம் போட்டால் இரண்டு கீற்று வழியாகத்தான் உலகம் தெரியும். வில்லுக்குக் குறிப்புள்ளி கிடையாது. நிஜம் என்பார்கள். இருக்கட்டும். நாள் பூராவும் ஆபீஸில் திட்டு வாங்கிவிட்டு வந்து ராத்திரி அடியும் வாங்க எனக்குத் தெம்பில்லை. விட்சர் மாதிரி சுழன்று சுழன்று வெட்ட ஆசைப்படுகிறவர் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

மூணாம்தளம்:

நியாயம்தான், மூன்று பேர் விஷயத்தில் வாதாட மாட்டேன். பின்வாங்கிக்கொண்டே இருந்து அவர்களை ஒரே பக்கம் வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

ஆனால் பெரும்பாலோர் செய்யாதது ஒன்று: ரட்டாய்க்கு வெளியே பயிற்சிக்களத்தில் கேப்டன் பெர்னார்ட் இருப்பார். மரவாளோடு அவரிடம் போய் அலுக்கும்வரை அடி வாங்குங்கள், காசு கிடையாது. எதிராளியின் வீச்சைத் தடுத்த அதே கையோடு திருப்பி அடிக்கும் மாஸ்டர் ஸ்ட்ரைக்கை அவர்தான் சொல்லித்தருவார். அதைக் கற்பதற்கு முன்னும் பின்னும் இரண்டு வேறு விளையாட்டு. ஒருகட்டத்தில் சண்டை எளிதாகிவிட்டதே என்று அலுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. கதை கூப்பிடுகிறதே என்று அவரைத் தாண்டிப் போய்விட்டு, காட்டில் செத்து, விட்டேன் என்பவர்கள் நிறைய. ராத்திரிஷிப்ட், உங்களைச் சொல்லவில்லை.

ராத்திரிஷிப்ட்:

என்னைத்தான் சொல்கிறீர்கள். பரவாயில்லை.

தேங்காய்ச்சில்லு:

மூணாம்தளம் அக்கா, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, நன்றி. குனேஷ் கதையைப் படித்ததுமே முக்கால்வாசி முடிவெடுத்துவிட்டேன். சாணம் அடிக்கிற விளையாட்டை யார் விடுவார்கள்?

ராயல் எடிஷன்தான் வேண்டுமா, வெறும் கேம் போதுமா? என் மெஷினில் ஓடுமா? இந்த இரண்டும்தான் பாக்கி.

டீக்கடைபெஞ்சு:

வித்தியாசம் ஒரு சாப்பாட்டுக் காசுதான் என்றால் ராயல். அதில் எனக்குப் பிடித்தது "எ வுமன்ஸ் லாட்". ஸ்காலிட்ஸ் அழிந்த நாளை தெரேசா என்ற பெண்ணின் கண் வழியாக ஆடலாம். ஹென்றி தப்பி ஓடியபோது ஊருக்குள் என்ன நடந்தது என்பது அங்கேதான் தெரியும், நாயும் துணைக்குக் கிடைக்கும். "ஃப்ரம் தி ஆஷஸ்" பாழடைந்த இன்னோர் ஊரைத் திரும்பக் கட்டுவது. வீடு கட்டிப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், மூட்டை மூட்டையாக க்ரோஷன் காசை விழுங்கும், வருமானம் பிறகுதான். ஹான்ஸ் கேப்பனின் காதல் கதையும் கூலிப்படைக் கதையும் சின்னச் சின்னவை, இருந்தால் இருக்கட்டும். அவற்றுக்காக ராயல் வாங்க வேண்டாம்.

மூணாம்தளம்:

தெரேசா கதைக்கு என் ஓட்டும். ஆனால் அதை எடுத்த எடுப்பில் ஆடாதீர்கள், ஹென்றியோடு கொஞ்சம் பழகிய பிறகு ஆடுங்கள்.

மெஷின்: குறைந்தபட்சமாகக் கேட்பது 8 ஜிபி ராமும் 660 கார்டும், பரிந்துரை 16 ஜிபியும் 1060-உம். நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். மீடியத்தில் காடும் வயலும் நன்றாக ஓடும், ரட்டாய் நகருக்குள் நுழைந்தால் பிரேம் விழுந்து படம் திக்கும், அது நல்ல மெஷின்களிலும் நடப்பதுதான். கிராஃபிக்ஸைவிட உங்களுக்கு ஹார்ட் டிஸ்க்தான் இடிக்கும். குதிரையை வேகமாக ஓட்டினால் வீடுகளும் ஆட்களும் தாமதமாகத்தான் தோன்றுவார்கள். எஸ்எஸ்டியில் 70 ஜிபி ஒதுக்க முடிந்தால் இதை மட்டும் அங்கே போடுங்கள். முடியாவிட்டால் லேப்டாப்பில் இன்னொரு ராம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள், 8 ஜிபி ஸ்டிக் ஒன்று போட்டால் ஆபீஸ் வேலைக்கும் ஆகும்.

எச்டி டெக்ஸ்சர் பேக் என்று ஒன்று இலவசமாகத் தனியே இருக்கும். இன்ஸ்டால் செய்வதற்கு முன்பே ஸ்டீமில் டிஎல்சி (கூடுதல் பகுதிகள்) பட்டியலுக்குப் போய் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். 4 ஜிபி கார்டுக்கு அது வீண், டவுன்லோடும் மிச்சம்.