சிம்மக்கல் பக்கம் நாங்கள் இருந்த காம்பவுண்டு வீடு இப்போது இல்லை, அம்மாவை அழைத்துப் போகலாமா?

சிம்மக்கல் பொண்ணு கேட்டது:

மதுரைக்காரர்கள் நிறையப் பேர் இங்கே இருப்பதால் கேட்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடக்கு மாசி வீதியிலிருந்து சிம்மக்கல் பக்கம் போகிற ஒரு சந்தில், காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தோம். நான் பிறந்தது அங்கேதான். 1988ல் அப்பாவுக்குக் கோவைக்கு மாற்றலாகிவிட்டது. அதற்கப்புறம் மதுரை என்றால் மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பது என்றாகிவிட்டது. நடுவில் முற்றம், சுற்றி ஆறு குடித்தனம், ஆளுக்கு ஒரு பட்டாசாலை, ஒரு அடுப்படி, அவ்வளவுதான். முற்றத்து மூலையில் அடிபம்பு, அதை ஒட்டி எல்லோருக்கும் பொதுவான அங்கணம். அந்தப் பம்பில் வாஷர் தேய்ந்து போயிருக்கும், காலையில் முதலில் அடிக்கிறவர் மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால்தான் தண்ணீர் ஏறும். அதற்காக ராத்திரி படுக்கப் போகும் முன் ஒரு சொம்பில் தண்ணீர் பிடித்து பம்படியில் மூடி வைப்பது அம்மாவின் வேலை. யாரும் சொல்லி வந்ததில்லை, அம்மாவாக எடுத்துக்கொண்டது. அழகர் ஆற்றில் இறங்குகிற சமயம் ஆறு குடித்தனத்துக்கும் ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து முற்றம் முழுக்கப் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள், விடிவதற்கு முன்னாலேயே எல்லோருமாக நடந்தே ஆற்றுக்குப் போவோம்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு மதுரை வந்தபோது தனியாக அந்தச் சந்துக்குள் போய்ப் பார்த்தேன். வீடு இல்லை. முழு மனையையும் அடைத்து பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடை, மேலே குடோன். கடைக்காரர் நல்ல மனுஷன், விவரம் சொன்னதும் "உள்ளே போய்ப் பார்த்துக்கங்கம்மா" என்று விட்டார். பக்கெட்டும் நாற்காலியும் அடுக்கியிருந்த இடைவெளியில் நடந்து பார்த்தேன், முற்றம் எங்கே இருந்தது என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொதுச்சுவரை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். அதில் எங்கள் அடுப்படி மாடக்குழி இருக்கிறது. பில் புத்தகம் வைத்திருக்கிறார்கள்.

அம்மாவுக்கு 82 வயது. முட்டி வலி உண்டு, ஞாபகம் நன்றாக இருக்கிறது. கொஞ்ச நாளாக "ஒரு தடவை வடக்கு மாசி வீட்டைப் பார்த்துட்டு வரணும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். வீடு நிற்கிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். சொல்லவே வேண்டாம் என்கிறான் தம்பி. எனக்கு மனசு கேட்கவில்லை. இப்படி ஒரு நிலைமையைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், அந்த வீட்டின் பழைய படமோ, வரைபடமோ, ஏதாவது ஒரு பதிவோ கிடைக்க வழி உண்டா? எங்களிடம் ஒரு போட்டோகூட இல்லை.

மேலூர்க்காரன்:

அக்கா, என் அனுபவத்தில் சொல்கிறேன், அழைத்துப் போக வேண்டாம்.

மேலூர் பக்கம் எங்கள் பூர்வீக வீடு. தாத்தா காலத்துக்கு அப்புறம் பங்காளிகள் பாகம் பிரித்தபோது வீடு பெரியப்பா வழிக்குப் போனது, அவர்கள் மகன்கள் இடித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டினார்கள். அதில் தப்பு எதுவும் இல்லை, ஓடு முழுக்க ஒழுகியது, அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அப்பாவை அங்கே கூட்டிப் போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி "நிலைக்கதவு எங்கடா?" என்பதுதான். மரக்கடைக்காரர் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். இந்தப் பக்கத்துப் பழைய தூண், கதவு, உத்தரம் எல்லாம் பெரும்பாலும் காரைக்குடிக்குத்தான் போகும், அங்கே முனீஸ்வரன் கோவில் தெருவில் இதற்கென்றே கடைகள் உண்டு. அப்பா அங்கே போய்த் தேடலாம் என்று ஆரம்பித்துவிட்டார். கூட்டிப் போனேன். நூற்றுக்கணக்கான கதவுகளுக்கு நடுவில் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார், எங்கள் கதவு இல்லை. அதற்கப்புறம் சாமி கும்பிடக்கூட ஊருக்கு வரவில்லை. "அங்க என்ன இருக்கு" என்று ஒரே பதில்.

சொல்லிவிடுங்கள், காட்ட வேண்டாம். கேட்டுத் தெரிந்துகொள்வதும் கண்ணால் பார்ப்பதும் ஒன்றல்ல.

ரயில்வே குவார்ட்டர்ஸ்:

மேலூர்க்காரர் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் அவர் வலி புரிகிறது.

நாங்கள் உசிலம்பட்டி ஸ்டேஷன் பக்கத்தில் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். மதுரை–போடி மீட்டர்கேஜ் லைன். அகலப்பாதை ஆக்குவதற்காக 2010 கடைசியோடு ரயிலை நிறுத்தினார்கள், அப்புறம் வருடக்கணக்கில் ஒன்றும் ஓடவில்லை. நாங்கள் இருந்த வீட்டில் கூரை இறங்கி, உள்ளே வேலிக்கருவேலம் முளைத்துவிட்டது. 2022ல் தேனி வரைக்கும் ரயில் விட்டதும் அப்பா போக வேண்டும் என்றார். எனக்குப் பயம்தான், ஆனால் வீட்டின் நிலைமையை முன்னாலேயே சொல்லிவிட்டேன், ஒளிக்கவில்லை.

ரயிலில் போனோம். இறங்கியதும் அவர் குவார்ட்டர்ஸ் பக்கம் திரும்பவே இல்லை. பழைய பிளாட்பாரம் தரையோடு தரையாக இருக்கும், கார்டு கையைப் பிடித்துக் கிழவிகளை ஏற்றிவிடுவார். இப்போது பிளாட்பாரம் பெட்டி வாசல் மட்டத்துக்கு உயர்ந்துவிட்டது. அப்பா அதன் ஓரத்தில் நின்று செக்கானூரணிக் கடலை, கருமாத்தூர் ஸ்கூல் பிள்ளைகள் ஏறுகிற பெட்டி, ஆண்டிபட்டி கணவாயில் இன்ஜின் திணறுகிறது என்று ஒரு மணி நேரம் பேசினார். அத்தனை வருஷத்தில் எங்களிடம் சொல்லாத விஷயங்கள். திரும்பும்போதுதான் "வீட்டையும் எட்டிப் பாத்துரலாம்" என்றார், பார்த்தார், "சரி போலாம்" என்றார்.

முதலில் உண்மையைச் சொல்லுங்கள். அப்புறம் வருகிறாரா என்று அவரிடமே கேளுங்கள். 82 வயது ஆளுக்கு எது தாங்கும் எது தாங்காது என்று பிள்ளைகள் முடிவு செய்யக்கூடாது.

வெளிவீதி:

சகோதரி, மதுரையே இடித்து இடித்துக் கட்டிய ஊர்தான். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, இடித்துக் கொடுத்தவர்களுக்கே அந்த மனைகளைக் கொடுத்ததில்தான் வெளி வீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் வந்தன. நாம் நிற்கிற இடமெல்லாம் வேறொன்றாக இருந்த இடம். அப்படி நினைத்துக்கொண்டால் மனசு கொஞ்சம் ஆறும்.

மேலூர்க்காரன்:

ஐயா, கோட்டை மதிலில் யாரும் பம்படியில் சொம்பு வைத்துக் குடித்தனம் நடத்தவில்லை. ஊர் வரலாறு தெரிந்தால் என் அப்பாவுக்கு ஆறியிருக்காது, அந்த அம்மாவுக்கும் ஆறாது.

பத்திர எழுத்தர்:

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன்.

நீங்கள் வாடகைக்கு இருந்தவர்கள், அதனால் பத்திரத்தில் உங்கள் பெயர் வராது. ஆனால் வீட்டின் சொத்து விவரம் வரும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பாருங்கள், பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975லிருந்து ஆன்லைனில் இருக்கிறது, அதற்கு முந்தையது வேண்டுமானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேட வேண்டும். வில்லங்கத்தில் வரும் ஆவண எண்ணை வைத்து நகல் எடுத்தால் சொத்து விவரத்தில் நான்கு எல்லையும் நீள அகலமும் இருக்கும், பழைய பத்திரங்களில் "முற்றமும் கிணறும் நிலை கதவுகளும் சகிதம்" என்கிற மாதிரி வீடே எழுத்தில் நிற்கும். சில பத்திரங்களோடு பிளானும் இணைத்திருப்பார்கள். ஒரு சிக்கல், கதவு எண் மாறியிருக்கும். பழைய ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம் ஏதாவது இருந்தால் பழைய எண் கிடைத்துவிடும். நகர நில அளவைப் பதிவேட்டு நகலும் இணையத்திலேயே எடுக்கலாம், மனையின் வடிவம் தெரியும்.

முற்றம் எங்கே என்று பிடிபடவில்லை என்றீர்கள். கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்று விதி இருக்கிறது. உயரத்தில் போக முடியாததால் கடைக்குக் கட்டுகிறவர்கள் தரையில் ஓர் அடிகூட விடுவதில்லை, முதலில் போவது முற்றம்தான்.

போட்டோவுக்கு என் யோசனை வேறு. உங்களிடம் இல்லாவிட்டாலும் மற்ற ஐந்து குடித்தனத்தில் யாராவது காதுகுத்துக்கோ சடங்குக்கோ படம் எடுத்திருப்பார்கள், முற்றத்தில்தானே நிற்க வைத்து எடுத்திருப்பார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது 2002, 2005 பட்டியல்களைத் தேர்தல் துறை இணையத்தில் போட்டது. தெருவாரியாக, கதவு எண்ணோடு, தகப்பன் பெயரோடு இருக்கும். நீங்கள் போன பிறகும் அங்கேயே இருந்தவர்கள் யார் என்று தெரிந்துவிடும்.

சிம்மக்கல் பொண்ணு:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "போன மாசமே தெரிஞ்சிருக்கு, இத்தனை நாள் ஏன் சொல்லல" என்று நல்ல திட்டு. அழவில்லை. வீட்டைப் பற்றி அதிகம் கேட்கவும் இல்லை, நாலாவது குடித்தனத்து அக்கா, அவர் மகள், எதிர்த்த சந்து மாவு மில்காரர் வீடு என்று ஒவ்வொருவராகக் கேட்டார், எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. பத்திர எழுத்தர் சொன்ன பட்டியலைத் தம்பி தேடி எடுத்தான். 2002ல் அந்தக் கதவு எண்ணில் எங்களுக்குத் தெரிந்த மூன்று குடும்பங்கள் இருந்திருக்கின்றன. அம்மா பெயர்களைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்.

மேலூர்த் தம்பி, உங்கள் அப்பாவை நினைத்துக்கொண்டேதான் பேசினேன். ஆனாலும் அம்மா வருகிறேன் என்கிறார். கடையையும் பார்க்க வேண்டுமாம், செல்லத்தம்மனையும் ஆதிசொக்கநாதரையும் கும்பிட வேண்டுமாம். முட்டி வலியோடு சந்துக்குள் நடக்க வைப்பதுதான் கவலை. கார் உள்ளே போகுமா?

ரயில்வே குவார்ட்டர்ஸ்:

பகலில் கார் வேண்டாம் அக்கா, லோடு ஆட்டோ நின்றால் நகர முடியாது. ஞாயிற்றுக்கிழமை சந்து காலியாக இருக்கும், ஆனால் கடை பூட்டியிருக்கும், மாடக்குழியைப் பார்க்க முடியாது. கிழமை நாளில் காலையிலேயே வந்து முதலில் இரண்டு கோயிலையும் முடித்துக்கொள்ளுங்கள், கடை திறக்கிற நேரத்துக்கு ஆட்டோவில் சந்துக்குள் வந்துவிடலாம், அப்போது சரக்கு வண்டிகள் வந்திருக்காது. கடைக்காரரிடம் முந்தின நாளே சொல்லி வையுங்கள், உட்கார ஒரு நாற்காலி போட்டு வைப்பார்.